அளவு மட்டும் குறையவில்லை

பிப்ரவரி 3

மரியாதைக்குரிய சகலை அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே கை கூசுகிறது. பதினான்கு மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. பிறகு நம்பரையே தடுத்துவிட்டீர்கள். மெயில் போட்டால் திரும்பி வருகிறது. உங்கள் புது விலாசத்தை என் மனைவிதான் அவள் அக்காவிடம் கெஞ்சி வாங்கித் தந்தாள். அக்காவும் தங்கையும் வாரத்துக்கு மூன்று முறை பேசிக்கொள்கிறார்கள். அவர்களைக் கட்டிய நாம்தான் இப்படி இருக்கிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக் கூடத்தில் நீங்கள் எழுதிய ரிசல்ட் புரோகிராம் இன்னும் அதே பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அது போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கிற பெண் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தலைமை அலுவலகம் புதிய சர்வர் அனுப்பியிருக்கிறது. பதினோரு கிளைகளுக்கும் ஒரே உத்தரவு: இனி எந்தப் புரோகிராமும் கன்டெய்னர் இமேஜாகத்தான் வர வேண்டும், ஏப்ரல் கடைசிக்குள். எனக்குத் தெரியும் என்று மேலாளரிடம் தலையாட்டிவிட்டேன். ஒரு மண்ணும் தெரியாது.

இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் புதிய புரோகிராமுக்கு. நம்முடையதோ எட்டு வருடப் பழசு. அதில் எது எதோடு ஒட்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. நடந்தது நடந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் சகலை

பிப்ரவரி 12

சகலைக்கு,

"நடந்தது நடந்துவிட்டது" என்பதை நான் எழுதினால் பெருந்தன்மை. நீங்கள் எழுதினால் அதற்கு வேறு பெயர். உங்களை "நீங்கள்" என்று எழுதுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிட்டே வராதீர்கள் என்று அர்த்தம்.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அடுத்தவருடைய ரிசல்ட் போனது. யார் எப்போது எதை மாற்றினாலும் புரோகிராம் தானே குறித்துவைக்கும்படி ஒரு பதிவை நான் வைத்திருந்தேன். விசாரணையில் அதைத் திறந்து காட்டச் சொன்னேன். "அப்படி ஒரு ஃபோல்டரே மெஷின்ல இல்ல சார்" என்று எழுந்து நின்று சொன்னவர் நீங்கள். அந்த வேலையில் உங்களைச் சேர்த்துவிட்டவன் நான். இரண்டு மணி நேரத்தில் என்னை வெளியே அனுப்பினார்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை ரிட்டயரான டீச்சர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாருடைய ரிசல்ட்டோ அவருக்குப் போய், தன் ரத்தத்தில் பெரிய நோய் என்று மூன்று நாள் நம்பியிருக்கிறார். "நீங்கதான் அந்த மெஷினப் பாத்துக்கறவரா?" என்று கேட்டார். செய்யாத தப்புக்கு அவர் முன்னால் கைகூப்பி அழுதேன். என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் சொல்லித்தருகிறேன். நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். நீங்கள் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். போன் கிடையாது, மெயில் கிடையாது. கட்டளைகளைத் தனித்தாளில் கையால் எழுதித் தபாலில் அனுப்புவேன். ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் உட்கார்ந்து தட்ட வேண்டும். தப்பானால் அடுத்த தபாலுக்குக் காத்திருக்க வேண்டும்.

முதல் பாடம். வாடகை வீடு மாறும்போது அடுப்பு பழகாது, தண்ணீர் வேறு, மிக்ஸியின் பிளக் சுவரில் பொருந்தாது. புரோகிராமுக்கும் இதே கதைதான். அதனால் அது கேட்கிற அத்தனையையும் அதோடு சேர்த்துக் கட்டி மூடி முத்திரை வைத்துவிடுகிறோம். அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். அதைப் பிரித்து ஓடவிட்டால் கன்டெய்னர். ஒரே இமேஜிலிருந்து பத்து கன்டெய்னர் ஓடவிடலாம். கன்டெய்னரைத் தூக்கி எறிந்தாலும் இமேஜ் அப்படியே இருக்கும். இமேஜை இடையில் பிரித்துத் திருத்த முடியாது. மாற்ற வேண்டுமானால் மறுபடி கட்ட வேண்டும்.

இணைத்துள்ள தாளில் மூன்று வரிகள் இருக்கின்றன. புதிய சர்வரில் கன்டெய்னர் மென்பொருளை ஏற்றி, வணக்கம் சொல்லிவிட்டு நின்றுபோகும் ஒரு குட்டி இமேஜை ஓடவிடுங்கள். அது சொல்கிற வணக்கத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மனைவியின் அக்காவைக் கட்டியவன்

பிப்ரவரி 24

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

வணக்கம் வந்துவிட்டது. நான்கு நாள் ஆனது. முதல் நாள் "அனுமதி இல்லை" என்றது. இரண்டாம் நாள் நான் தட்டியதில் ஒரு இடைவெளி விட்டுப்போயிருந்தது. மேலாளர் பின்னால் வந்து நின்று, "என்னப்பா, மூணு வரிய வச்சுக்கிட்டு மூணு நாளா முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

கன்டெய்னரை அழித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி இமேஜ் அப்படியே இருந்தது. மறுபடி ஓடவிட்டேன், மறுபடி வணக்கம். ஏனோ எனக்குச் சின்ன சந்தோஷம்.

அந்த டீச்சர் உங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நம் புரோகிராமை எப்படிக் கட்டுவது? ஏப்ரல் நெருங்குகிறது.

உங்கள் சகலை

மார்ச் 5

சகலைக்கு,

மேலாளர் கேட்டதை இரண்டு முறை படித்தேன். மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இதுல என்னங்க கெடைக்குது?" என்றாள். தங்கை வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. எனக்கு நிறையவே கிடைக்கிறது.

இரண்டாம் பாடம். கவனமாகப் படியுங்கள். நீங்கள் எழுதிய அந்தச் சத்தத்துக்கு அர்த்தம், பழைய கம்ப்யூட்டரின் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், சாகப்போகிறது என்பதுதான். அதில் இனி ஓர் எழுத்து எழுதினாலும் ஆபத்து. கழற்றிப் புதிய சர்வரில் மாட்டுங்கள், படிக்க மட்டும் முடிகிற மாதிரிப் பூட்டி மாட்டுங்கள். அதில் எதையும் சேர்க்காதீர்கள், நகர்த்தாதீர்கள், அழிக்காதீர்கள்.

இமேஜ் கட்ட ஒரு குறிப்புக் கோப்பு வேண்டும். அதை வட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. எந்த அடித்தளத்தின் மேல் கட்டுவது என்பது முதல் வரி. நம் புரோகிராமுக்கு எட்டு வருடம் முந்தைய பதிப்புதான் சரிப்படும், எண்ணைத் தாளில் கோடிட்டிருக்கிறேன். "புதுசுதான் நல்லது" என்று மாற்றிவைத்தால் ஓடாது. அடுத்த வரி, தேவையான துணைப் பொருள்களின் பட்டியலை மட்டும் உள்ளே கொண்டுபோவது. அதற்கடுத்தது அவற்றை நிறுவுவது. அதன் பிறகுதான் புரோகிராம் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே உள்ளே எடுப்பது. வரிசை முக்கியம். எப்போதாவது மாறுவது மேலே, அடிக்கடி மாறுவது கீழே. அப்போதுதான் மறுபடி கட்டும்போது மாறாததையெல்லாம் மறுபடி செய்யாமல் மாறிய இடத்திலிருந்து தொடங்கும்.

ஃபோல்டரில் உங்களுக்குப் புரியாத கோப்புகள் கிடக்கும். பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முழுசாக எடுங்கள்.

ஆனால் நோயாளிகளின் தகவல் ஒரு வரிகூட இமேஜுக்குள் போகக் கூடாது. அது தனி வட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கன்டெய்னர் ஓடும்போது வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளும் வரி தாளின் பின்பக்கம் இருக்கிறது. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் அந்த ஜனங்களுக்கு இன்னொரு தடவை எதுவும் ஆகக் கூடாது.

கட்டி முடித்ததும் இமேஜை ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். சரிபார்க்கிறேன்.

மூத்த சகலை

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓடுகிறது அண்ணா. ஆறு முறை விழுந்து ஏழாவது முறை எழுந்தது. அடித்தளத்தில் புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே குப்புற விழுந்தது. உங்கள் எண்ணையே போட்டேன், எழுந்து நின்றது. சர்வர் சத்தமே போடவில்லை. ரத்தம் எடுக்கிற பெண் எட்டிப் பார்த்து, "செத்துப்போச்சா சார்?" என்று கேட்டாள்.

தலைமை அலுவலகம் நெட்வொர்க்கில் வைத்திருக்கும் பொதுக் கிடங்கில் இமேஜை ஏற்றிவிட்டேன். நம் கிளைதான் முதலில் முடித்தது. மற்றப் பத்துக் கிளைகளையும் நம்முடையதை இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் இறக்கிவிட்டார்கள். மேலாளர் என் தோளில் தட்டினார்.

நானே சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தேன், நீங்கள் பாராட்டுவீர்கள். புரோகிராம் ஃபோல்டருக்குள் "பழைய படிவங்கள்" என்று வேண்டாத குப்பை கொஞ்சம் கிடந்தது. வட்டைப் பூட்டியிருப்பதால் அங்கே அழிக்க முடியவில்லை. அதனால் குறிப்பின் கடைசியில் அதை அழித்துவிடு என்று ஒரு வரி போட்டேன். கன்டெய்னருக்குள் போய்த் தேடினேன். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய ஃபோல்டரை அழித்தும் இமேஜின் அளவு மட்டும் குறையவில்லை. ஏன்?

பென் டிரைவ் இணைத்திருக்கிறேன். மகளுக்கு என் அன்பு. "சித்தப்பா எப்ப வருவாரு" என்று கேட்கிறாளாமே.

உங்கள் அன்புச் சகலை

ஏப்ரல் 14

அளவு ஏன் குறையவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். இனி "நீங்கள்" எல்லாம் கிடையாது.

குறிப்பில் ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். ஏறிய அடுக்கு மாறாது. கீழ் அடுக்கில் உள்ளே எடுத்ததை மேல் அடுக்கில் அழித்தால், அது இல்லாத மாதிரி ஒரு திரை விழும், அவ்வளவுதான். கன்டெய்னருக்குள் நின்று பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாது. இமேஜைப் பிரித்து அடுக்கடுக்காகப் பார்ப்பவனுக்குத் தெரியும். நீ அழித்ததும் அதில் இருக்கிறது. அழித்தவன் நீ என்பதும் அதில் இருக்கிறது.

"பழைய படிவங்கள்" ஃபோல்டரைப் பிரித்தேன். நான் வைத்த பதிவுதான் அது, பெயர்தான் புதுசு. விசாரணையில் இல்லை என்று நீ சொன்ன அதே ஃபோல்டர். திங்கட்கிழமை மாலை ஆறு பத்துக்கு உன் கணக்கிலிருந்து ஒரு மாற்றம். ரிசல்ட் தாள்களை ரத்த மாதிரியின் எண் வரிசையிலிருந்து பெயர் வரிசைக்கு மாற்றியிருக்கிறாய். விலாசப் பட்டியலோ எண் வரிசையிலேயே இருந்தது. மறுநாள் காலையில் இது ஒரு வரிசையிலும் அது ஒரு வரிசையிலும் கவருக்குள் போயின. புதன்கிழமை ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கிறாய். அதுவும் பதிவாகியிருக்கிறது.

இதற்காகத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். உன்னை எனக்குத் தெரியும். அழிக்கத் தைரியம் இருந்திருக்காது, பெயரை மாற்றி ஒளித்துத்தான் வைத்திருப்பாய் என்று நினைத்தேன். எதையெல்லாம் உள்ளே எடுக்கக் கூடாது என்று தனியாக ஒரு விலக்குப் பட்டியல் எழுதி வைத்தால், அவை இமேஜுக்குள் வரவே வராது. முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயம் அது. அந்த ஒரு வரியைத் தாளில் எழுதி, கத்தரித்து, இந்த ஒரு மாதமும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது இணைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பிரித்த அன்று உடனே யாருக்கும் எழுதவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினெட்டு நாள் பக்கத்தில் இருந்தவள் உன் மனைவி. அதை நினைத்து இரண்டு நாள் பென் டிரைவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இமேஜின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தேன். அந்த வரியை நான் எழுதித் தரவில்லை, நீயாகச் சேர்த்தது. "உருவாக்கியவர்" என்ற இடத்தில் உன் பெயர்.

எட்டு வருடம். என் எட்டு வருடத்தின் மேல் உன் பெயர்.

தபால் பெட்டிக்குப் போகிறேன்.

ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

நீங்கள் எனக்குப் பாடம் சொல்லித்தரவில்லை, குழி வெட்டியிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி அதில் இறங்கியிருக்கிறேன்.

ஆமாம், நான்தான் மாற்றினேன். பெயர் வரிசையில் இருந்தால் தேட வசதியாக இருக்கும் என்று மேலாளர் கேட்டார். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். உங்களைக் கேட்டால், "உனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்பீர்கள். எப்போதும் அப்படித்தான் சொல்வீர்கள். ஒரு தடவை நானே செய்துகாட்ட வேண்டும் என்று இருந்தது. விசாரணை அன்று என் மனைவிக்கு ஏழாம் மாதம். உங்களுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும், எனக்குக் கிடைக்காது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். எழுந்து நின்று சொல்லும்போது கால் நடுங்கியது. சொல்லி முடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் எனக்கே என்மேல் அருவருப்பான விஷயம்.

லேபிளில் என் பெயரைப் போட்டதும் நான்தான்.

நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வரியை வைத்து இமேஜைப் புதிதாகக் கட்டிவிட்டேன். அளவு பாதியாகக் குறைந்தது. கிடங்கிலிருந்து பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டேன். தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன். என் பையனுக்கு ஒரு வயசுதான் ஆகிறது.

சகலை

ஏப்ரல் 27

நீ எடுத்தது கிடங்கில் இருந்ததை மட்டும். பதினோரு சர்வர்களில் இறங்கியது அப்படியே இருக்கிறது. பென் டிரைவ் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

உனக்கு எழுதிய ஏப்ரல் 14ஆம் தேதியே தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் கட்டளை ஒரே ஒரு வரி. அவர்களும் கையால்தான் தட்டியிருப்பார்கள்.

மே 19

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை மேலாளர் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இமேஜைப் பிரித்துத் திரையில் போட்டார்கள். "இது நீங்க போட்ட வரியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளர் தான் கேட்டதை மறுக்கப் பார்த்தார். பதிவில் அவர் கேட்டதையும் நான் குறிப்பாக எழுதி வைத்திருந்தேன். அதையும் திரையில் போட்டார்கள்.

அலுவலகத்தின் சார்பில் எழுதச் சொன்னது இது: உங்கள் மேல் சுமத்திய குற்றம் தவறு. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அதைத் தெரிவித்துக் கடிதம் போயிருக்கிறது. பழைய பதவியில் நீங்கள் திரும்ப வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். இதை நான்தான் எழுத வேண்டும், கையால் எழுத வேண்டும், தபாலில்தான் வர வேண்டும் என்று நீங்கள் நிபந்தனை போட்டதாகச் சொன்னார்கள். இரண்டு தாள் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

இனி எழுதுவதை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். செய்தது நான்தான் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு வாசல்ல அவர் அழுதப்பவே எனக்குத் தெரியும் தம்பி. தப்புப் பண்ணவங்க அப்படி அழ மாட்டாங்க, காரணம் சொல்லுவாங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

என்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டிருக்கிறார்களாம். வேலையை விட்டு எடுக்கத்தான் சொல்லியிருப்பீர்கள். வீட்டில் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னிடம் பேசி ஒன்பது நாள் ஆகிறது.

நீங்கள் வருவீர்களா?

சகலை

மே 28

சகலைக்கு,

டீச்சர் சொன்னதை எழுதியிருக்க வேண்டாம். அவருக்கு முன்பே தெரியும் என்றால் நான் இத்தனையும் யாருக்காகச் செய்தேன் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எனக்காகத்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. உன் கடிதத்தை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்காகத்தான் என்றும் வைத்துக்கொள்.

ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேர்கிறேன். என் பழைய மேஜையை ஜன்னல் பக்கம் போடச் சொல்.

உன்னை வேலையை விட்டு எடுக்க வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். எனக்குக் கீழே, எனக்கு நேர் எதிரில் உன் மேஜை. நன்றி என்று ஒரு கடிதம் எழுதிவிடாதே. உன் மனைவிக்காகச் செய்தேன் என்றும் அவளிடம் சொல்லாதே. அனுப்பிவிட்டால் நீ எங்கேயோ வேறு வேலை தேடிக்கொண்டு, நாலு வருடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிம்மதியாக இருப்பாய். அது எனக்கு ஆகாது. தினமும் காலை ஒன்பது மணிக்கு நீ என் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

முதல் நாள் முதல் வேலை, இமேஜைப் புதிதாகக் கட்டுவது. உருவாக்கியவர் பெயரை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவேன். நீ தட்டு.

மூத்த சகலை